பில்டரிடம் புது ஃபிளாட் வாங்கும்போது புரோக்கரை எப்படிப் பயன்படுத்துவது: சென்னைக்கான வழிமுறை

பழைய வீடு வாங்கும்போது "உங்க கமிஷன் எவ்வளவு?" என்று முதலிலேயே கேட்டுவிடுகிறோம். பில்டரிடம் புது ஃபிளாட் வாங்கும்போது அந்தக் கேள்வி எழுவதே இல்லை. "உங்களுக்கு ஒரு பைசா செலவில்ல சார், எல்லாம் பில்டரே குடுத்துடுவாங்க" என்று புரோக்கர் முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். பெரும்பாலும் அது உண்மை. ஆனால் அந்தப் பணம் எப்போது, எந்தக் கணக்கில் அவர் கைக்கு வருகிறது என்று தெரிந்துகொண்டால், அவரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்டுப் பயனில்லை என்பது தானாக விளங்கும்.

பில்டர் விற்பனை விலையில் ஒரு சதவீதத்தைப் புரோக்கருக்குத் தருகிறார். 2 சதவீதம் என்பது பரவலாகக் காதில் விழும் கணக்கு. விற்காமல் தேங்கிய வீடுகளுக்குக் கூடுதலாகவும் தருவார்கள். 80 லட்ச ரூபாய் ஃபிளாட்டுக்கு 2 சதவீதம் என்றால் 1,60,000 ரூபாய். நீங்கள் பேரம் பேசி 3 லட்சம் குறைத்தால் அவர் கமிஷனில் குறைவது 6,000 ரூபாய்தான். அதே நீங்கள் "வேண்டாம்" என்று எழுந்து போய்விட்டால் அவருக்குப் போவது 1,60,000 முழுவதும். அதனால் விலையைக் குறைத்துத் தரச் சொன்னால் மனதாரப் பாடுபடுவார். "இந்த வீட்டை வாங்காதீங்க" என்று மட்டும் அவர் வாயிலிருந்து வராது. அதைச் சொல்ல வேறு ஆள் வேண்டும்: நீங்களே பணம் கொடுத்து அமர்த்தும் வக்கீல், நீங்களே கூட்டிப்போகும் சிவில் இன்ஜினியர்.

முதல் போனுக்கு முன்பே முடிவெடுங்கள்

புரோக்கரோடு போவதா, நேராகப் போவதா என்பதை சேல்ஸ் ஆபீஸ் வாசலில் யோசிக்கக் கூடாது. பில்டர்கள் விசாரிப்பவரின் மொபைல் எண்ணை வைத்துத்தான் கணக்கு வைக்கிறார்கள். வீடு தேடும் தளங்களில் "விலை பார்க்க" என்று எண்ணைத் தட்டினாலும், பில்டரின் இணையதளத்தில் புரோஷர் இறக்கினாலும், அந்த நொடியில் நீங்கள் "நேரடி விசாரணை" என்று பதிவாகிவிடுகிறீர்கள். அதற்குப் பிறகு புரோக்கர் உங்களை அழைத்துப் போனால், "இந்த நம்பர் எங்ககிட்ட ஏற்கனவே இருக்கு" என்று கமிஷனை மறுத்துவிடுவார்கள். மறுநாளே அந்தப் புரோக்கருக்கு உங்கள் மேல் அக்கறை போய்விடும். சிலர் உங்களைப் பக்கத்தில் உள்ள வேறொரு ப்ராஜெக்டுக்குத் திருப்பப் பார்ப்பார்கள். அங்கே உங்கள் எண் இன்னும் பதிவாகவில்லை என்பதுதான் காரணம்.

மறுபக்கமும் உண்டு. நீங்கள் சும்மா பேசிய புரோக்கர் உங்களிடம் சொல்லாமலேயே உங்கள் எண்ணை நாலைந்து பில்டர்களிடம் தன் பெயரில் பதிந்து வைத்துவிடலாம். இந்தப் பதிவு பில்டருக்கு பில்டர் மாறும். 30 நாள், 60 நாள், 90 நாள் என்று செல்லும். அந்தக் காலத்தில் நீங்கள் நேரடியாகப் போய் "புரோக்கர் இல்லாமல் வந்திருக்கிறேன், அந்தக் கமிஷனை விலையில் கழியுங்கள்" என்று பேச முடியாது.

செய்ய வேண்டியது எளிது. தேடும் காலம் முழுக்க இணையதளப் படிவங்களில் எண் கொடுக்காதீர்கள். விலை, வரைபடம், எத்தனை வீடுகள் என்பதையெல்லாம் தமிழ்நாடு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) தளத்திலும் ப்ராஜெக்டின் பொது விளம்பரத்திலும் பார்த்து, நான்கைந்து ப்ராஜெக்டாகக் குறுக்குங்கள். பிறகு ஒரு புரோக்கரைத் தேர்ந்து, வாட்ஸ்அப்பில் இப்படி எழுதிவிடுங்கள்: "சார், இந்த மூணு ப்ராஜெக்டுக்கு மட்டும் என் நம்பரை உங்க பேர்ல பதியுங்க. வேற எதுக்கும் என்னைக் கேட்காம கொடுக்க வேண்டாம். பில்டர்கிட்ட வர்ற கமிஷன் தவிர என்கிட்ட எதுவும் வாங்க மாட்டீங்கன்னு உறுதி சொல்லுங்க." அவர் "ஓகே சார்" என்று பதில் போட்டால் போதும், அது எழுத்து ஆதாரம்.

நேரடியாகப் போவது நல்லதா? பெரிய பில்டர் என்றால் கமிஷன் தொகையை அப்படியே உங்களுக்குக் கழித்துத் தருவது அபூர்வம். புரோக்கர் வலைப்பின்னலைப் பகைத்துக்கொண்டு ஒரு வாடிக்கையாளருக்குச் சலுகை தர சேல்ஸ் மேனேஜருக்கு விருப்பம் இருக்காது. சின்ன பில்டர் என்றால் முதலாளியே உட்கார்ந்து பேசுவார். அங்கே நேரடியாகப் போனால் கழிவு கிடைக்க வாய்ப்பு அதிகம்.

புரோக்கரின் பதிவு எண்

2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, ரெராவில் பதிவான ப்ராஜெக்டில் வீடு விற்றுக்கொடுக்கும் ஏஜென்டும் தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். தான் நடத்தி வைக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும். மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய், மொத்தத்தில் அந்த வீட்டு மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம் உண்டு.

எண்ணைக் கேட்டு வாங்கி, ரெரா தளத்தின் ஏஜென்ட் பட்டியலில் தேடுங்கள். அங்கே வரும் பெயரும் உங்களோடு பேசுபவர் பெயரும் ஒன்றா, காலாவதி ஆகவில்லையா என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயரில் பதிவு இருந்து, பேசுவது அதன் ஊழியர் என்றால், நிறுவன மின்னஞ்சலில் இருந்து ஒரு வரி உறுதி கேளுங்கள். "என் ஃப்ரெண்டோட ரெரா நம்பர்ல போட்டுக்கலாம் சார்" என்பார் சிலர். பின்னால் புகார் கொடுக்க நேர்ந்தால் உங்களிடம் பேசியது அந்த எண்ணுக்குரியவர் இல்லை என்று ஆகிவிடும்; அப்படிப்பட்டவரை விட்டுவிடுவதே நல்லது.

அதே சட்டத்தில் பலருக்கும் தெரியாத ஒரு வரி இருக்கிறது. முன்பதிவு செய்யும் நேரத்தில் வாங்குபவருக்குக் கிடைக்க வேண்டிய தகவல்களும் ஆவணங்களும் கைக்கு வந்து சேர ஏஜென்ட் உதவ வேண்டும் என்பது அவருக்குச் சட்டம் விதித்த கடமை. "பேப்பர்ஸ் எல்லாம் புக்கிங் போட்ட அப்புறம்தான் தருவாங்க" என்று இழுத்தால் இதை நினைவுபடுத்துங்கள். தொனி உடனே மாறும்.

அவரிடம் உண்மையில் கறக்க வேண்டியது

ஒரு ப்ராஜெக்டில் பத்துப் பதினைந்து வீடு விற்றுக்கொடுத்த புரோக்கருக்கு, சேல்ஸ் ஆபீஸ் பெண் சொல்லாத சங்கதிகள் தெரியும். எந்த பிளாக்குக்குப் பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் வருகிறது, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் காற்றுப்போக்கி எந்தப் பக்கம் திறக்கிறது, ஜெனரேட்டர் அறை யார் படுக்கையறைக்குக் கீழே, குப்பை சேரும் இடம் எது. வரைபடத்தில் இவை "சர்வீஸ்" என்று சாம்பல் நிறக் கட்டமாக மட்டும் இருக்கும். வரைபடத்தின் அச்சுப் பிரதியை அவர் கையில் கொடுத்துப் பேனாவால் குறிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து கேட்க வேண்டியது: இதே பில்டர் கடைசியாக முடித்த இரண்டு கட்டடங்கள் எங்கே, சொன்ன தேதிக்கு எத்தனை மாதம் தள்ளிக் கொடுத்தார், அங்கே நீங்கள் விற்றுக்கொடுத்த ஒருவரோடு பேச முடியுமா. சாம்பிள் ஃபிளாட்டைப் பார்ப்பதை விட நான்கு வருடம் ஆன கட்டடத்தின் மொட்டை மாடியையும் பார்க்கிங் கூரையையும் பார்ப்பது பயனுள்ளது. கூரையில் பழுப்புக் கறையும் உரிந்த பெயின்டும் தெரிந்தால் மேலே பாத்ரூமிலோ தோட்டத்திலோ நீர்க்காப்பு சரியில்லை.

வேறொரு கேள்வியும் உண்டு. பலர் கேட்க மறந்துவிடுவார்கள். "முதலீட்டுக்காக வாங்கியவர் யாராவது இதே ப்ராஜெக்டில் விற்கப் பார்க்கிறாரா?" ஆரம்ப விலைக்கு வாங்கி, பணத்தேவையால் வெளியேற நினைப்பவர் இருந்தால் பில்டர் விலையை விடக் குறைவாகக் கிடைக்கலாம். ஆனால் அதில் உங்களிடமும் கமிஷன் கேட்பார்கள். பில்டரின் சம்மதக் கடிதம் வேண்டும். பெயர் மாற்றக் கட்டணமும் உண்டு. மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு மலிவா என்று சொல்லுங்கள்.

வெள்ள விஷயத்தில் மட்டும் புரோக்கரை நம்ப வேண்டாம். "இங்க தண்ணியே வராது சார்" என்ற வாக்கியம் சென்னையில் எல்லா இடத்துக்கும் சொல்லப்படுகிறது. பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் பார்க்கிறீர்கள் என்றால், எதிர்வீட்டு மளிகைக்கடைக்காரரிடம் 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் கடைக்குள் எதுவரை தண்ணீர் நின்றது என்று கேளுங்கள். கடைக்காரர் கையை உயர்த்திக் காட்டுவார். பிறகு ப்ராஜெக்டின் தரை மட்டம் சாலையை விட எவ்வளவு உயரம், பேஸ்மென்ட் பார்க்கிங் உண்டா என்று பாருங்கள்.

விலையைப் படிக்கும் முறை

புரோக்கர் சொல்லும் "ஸ்கொயர் ஃபீட் ரேட்" பெரும்பாலும் சூப்பர் பில்ட்-அப் அளவுக்கு. படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா, கிளப் ஹவுஸ் எல்லாவற்றிலும் உங்கள் பங்கு அதில் ஏறியிருக்கும். ரெரா சட்டம் பேசுவது கார்பெட் பரப்பை, அதாவது உங்கள் சுவர்களுக்குள்ளே கால் வைத்து நடக்கும் இடம். இரண்டு ப்ராஜெக்டை ஒப்பிடும்போது கார்பெட்டுக்கு வகுத்துப் பாருங்கள்.

ஒரு ஃபிளாட் 1,200 சதுர அடி, சதுர அடி 6,500 ரூபாய் என்றால் 78 லட்சம். அதன் கார்பெட் 840 சதுர அடி. வகுத்தால் கார்பெட் சதுர அடிக்கு சுமார் 9,286 ரூபாய். இன்னொன்று 1,150 சதுர அடி, 6,900 ரூபாய், மொத்தம் 79.35 லட்சம், கார்பெட் 874. வகுத்தால் சுமார் 9,079 ரூபாய். "ரேட் அதிகம்" என்று நீங்கள் ஒதுக்கிய இரண்டாவது வீடுதான் உண்மையில் மலிவு.

நிலத்தின் பிரிக்கப்படாத பாகத்தையும், அதாவது மொத்த நிலத்தில் உங்கள் வீட்டுக்கு உரிய பங்கையும், இதே போலச் சரிபார்க்கலாம். மொத்த நிலம் 4 கிரவுண்டு, அதாவது 9,600 சதுர அடி. விற்கும் மொத்தக் கட்டடப் பரப்பு 20,000 சதுர அடி. உங்களுடையது 1,200 என்றால் உங்கள் பாகம் 576 சதுர அடி வர வேண்டும். வரைவுப் பத்திரத்தில் 480 என்று இருந்தால், மீதி யாரிடம் என்று கேளுங்கள். சாலைக்கும் பூங்காவுக்கும் தானமாகக் கொடுத்த நிலம் போயிருக்கலாம், அது நியாயம். எதிர்கால மாடிக்காக பில்டர் தன் கையில் வைத்திருந்தால் அது வேறு கதை.

அடுத்து காஸ்ட் ஷீட். வாய்க்கணக்கு வேண்டாம், பில்டரின் முத்திரையோடு அச்சிட்ட தாள் வேண்டும். அடிப்படை விலை, மாடி உயர உயரக் கூடும் கட்டணம், மூலை வீடு அல்லது பூங்கா பார்த்த வீடு என்பதற்கான கூடுதல், கார் பார்க்கிங், மின்வாரிய மற்றும் குடிநீர் வாரிய வைப்புத் தொகை, கிளப் கட்டணம், ஒன்றிரண்டு வருடப் பராமரிப்பு முன்பணம், கார்ப்பஸ் நிதி (பிற்காலப் பெரிய செலவுகளுக்கான பொது இருப்பு), "லீகல் சார்ஜ்" எல்லாம் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். திறந்தவெளி பார்க்கிங்கைத் தனியாக விலை போட்டு விற்க பில்டருக்கு உரிமை இல்லை. அது எல்லோருக்கும் பொதுவான இடம்.

வரிகளைப் புரோக்கர்கள் பழைய கணக்கில் சொல்வது வழக்கம், அதனால் நீங்களே போட்டுப் பாருங்கள். கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். சென்னை போன்ற பெருநகரத்தில் 45 லட்சத்துக்குள், 60 சதுர மீட்டர் கார்பெட்டுக்குள் என்றால் 1 சதவீதம். நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. 78 லட்ச வீட்டில் அது 3.9 லட்சம் மிச்சம். பில்டரும் இந்தக் கணக்கை அறிந்தவர்தான், முடிந்த வீட்டுக்கு விலையை ஏற்றியே வைத்திருப்பார். எனவே இரண்டையும் மொத்தத் தொகையாகவே ஒப்பிடுங்கள்.

பத்திரச் செலவில், முன்பு நிலத்தின் பாகத்துக்கு ஒரு கிரயப் பத்திரம், கட்டுமானத்துக்கு ஒரு ஒப்பந்தம் என்று இரண்டாகப் பதிவார்கள். 2023 டிசம்பர் முதல் பில்டரிடமிருந்து முதல் விற்பனையாக வரும் ஃபிளாட்டுக்கு நிலம், கட்டடம் சேர்ந்த கூட்டு மதிப்பு முறை வந்துவிட்டது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 50 லட்சம் வரை 6 சதவீதம், 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம், அதற்கு மேல் 9 சதவீதம். 78 லட்சத்துக்கு 5.46 லட்சம். பதியும் நாளில் நடப்பில் உள்ள விகிதத்தைப் பதிவுத் துறை தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அரசு மாற்றினால் புரோக்கர் வாட்ஸ்அப்பில் அது கடைசியாகத்தான் வரும்.

வீட்டு விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், ஒவ்வொரு தவணையிலும் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித் துறைக்கு நீங்களே கட்ட வேண்டும். பணம் கொடுத்த மாதம் முடிந்து 30 நாளுக்குள். மறந்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம் ஓடும். புரோக்கர் இதைச் சொல்வதே இல்லை, பொறுப்பு உங்களுடையது என்பதால்.

பேரம்

சதுர அடி ரேட்டைக் குறைக்கச் சொல்லி மோதினால் பில்டர் இறங்க மாட்டார். இன்று உங்களுக்கு 6,300-க்குக் கொடுத்தது நாளை அடுத்தவருக்குத் தெரிந்தால் மீதி வீடுகளும் அந்த விலைக்குத்தான் போகும் என்ற பயம். அதனால் ரேட்டைத் தொடாமல் மற்ற வரிகளில் கைவையுங்கள்: மாடிக் கட்டணம் தள்ளுபடி, மூடிய பார்க்கிங் ஒன்று இலவசம், ஒரு வருடப் பராமரிப்புக் கட்டணம் விலக்கு, மாடுலர் கிச்சன், அல்லது தவணைக் கால அட்டவணையில் கடைசித் தவணையைப் பெரிதாக்குவது. கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு மிகப் பிடித்தது. சாவி கொடுக்கும்போது கட்ட வேண்டிய தொகை 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமானால், விட்டுப்போன வேலைகளை முடித்துத் தர பில்டருக்கு வேகம் வரும்.

இந்தப் பேச்சைப் புரோக்கரிடம் விடுங்கள். முதலில் அவரிடம் சொல்லுங்கள்: "இந்த வாரம் ரெண்டு ப்ராஜெக்ட்ல ஒண்ணு முடிப்பேன். எங்க நல்ல கணக்கு வருதோ அங்க." இரண்டும் அவர் மூலமே பதிவாகியிருந்தால் இன்னும் நல்லது, எது முடிந்தாலும் அவருக்குக் கமிஷன் உண்டு, அதனால் இரண்டு பக்கமும் அழுத்துவார்.

நேரமும் முக்கியம். ஆடியில் பத்திரம் பதிய மாட்டோம் என்று குடும்பங்கள் ஒதுங்குவதால் சேல்ஸ் ஆபீஸ் காற்று வாங்கும். அப்போது பேசி விலையை எழுத்தில் வாங்கி, ஆவணி பிறந்ததும் ஒப்பந்தம் போடுவது பழைய உத்தி, இன்றும் பலிக்கிறது. மார்ச் கடைசி இரண்டு வாரமும் அப்படியே, சேல்ஸ் டீமுக்கு வருடக் கணக்கு முடிக்க வேண்டும்.

சில புரோக்கர்கள் தங்கள் கமிஷனில் பாதியை "கையில தந்துடறேன் சார்" என்பார்கள். அதை ரொக்கமாக வாங்குவதை விட பில்டரின் காஸ்ட் ஷீட்டில் கழிவாகப் போடச் சொல்லுங்கள். விலை குறைந்தால் ஜிஎஸ்டியும் குறையும். பணம் வருமா வராதா என்று பத்திரத்துக்குப் பிறகு போன் போட்டுக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

டோக்கன், அட்வான்ஸ், ஒப்பந்தம்

டோக்கன் பணத்தைப் புரோக்கர் கையிலோ அவர் ஜிபே எண்ணிலோ கொடுக்கக் கூடாது. பில்டர் நிறுவனத்தின் பெயரில் செக் அல்லது வங்கிப் பரிமாற்றம் மட்டும். அந்த ப்ராஜெக்டுக்கென வாங்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து நிலம், கட்டுமானச் செலவுக்கு மட்டும் எடுக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் பணம் அந்தப் பாதையில் போக வேண்டுமானால் முதல் ரூபாயிலிருந்தே அப்படிக் கட்ட வேண்டும். ரசீதில் ஃபிளாட் எண், மாடி, பார்க்கிங் எண், மொத்த விலை, "ஆவணங்கள் வக்கீல் பார்வையில் சரியில்லை என்றால் அல்லது வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் இத்தனை நாளில் முழுதும் திருப்பித் தரப்படும்" என்ற வரி, ஐந்தும் இருக்க வேண்டும். கடைசி வரியை எழுதத் தயங்கினால் டோக்கன் கொடுக்காதீர்கள்.

பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. "20 பர்சன்ட் கட்டிட்டா ரேட் லாக் ஆகிடும்" என்று புரோக்கர் அவசரப்படுத்துவதற்குக் காரணம் உண்டு: வாங்குபவர் குறிப்பிட்ட சதவீதம் கட்டி ஒப்பந்தம் போட்ட பிறகுதான் பல பில்டர்கள் அவருக்குக் கமிஷன் விடுவிப்பார்கள். அவசரம் அவருடையது.

ஆவணங்களை உங்கள் வக்கீல் பார்க்க வேண்டும். புரோக்கர் காட்டும் வக்கீல், பில்டரின் பேனல் வக்கீல் இருவரும் வேண்டாம். "பேங்க் அப்ரூவ்டு ப்ராஜெக்ட் சார்" என்றால் வங்கி தன் கடன் திரும்புமா என்று பார்த்திருக்கிறது என்று பொருள், உங்களுக்காகப் பார்க்கவில்லை. தாய்ப்பத்திரம் முதல் தொடர் பத்திரங்கள், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேடு, நில உரிமையாளரும் பில்டரும் போட்ட கூட்டு ஒப்பந்தமும் பவர் பத்திரமும், சிஎம்டிஏ அல்லது டிடிசிபி திட்ட அனுமதி, மாநகராட்சியின் கட்டட அனுமதி, அங்கீகரித்த வரைபடம், ரெரா பதிவுச் சான்று ஆகியவை வேண்டும். கூட்டு ஒப்பந்தத்தில் எந்தெந்த ஃபிளாட் நில உரிமையாளர் பங்கு, எவை பில்டர் பங்கு என்ற பட்டியலைக் கட்டாயம் பாருங்கள். நில உரிமையாளரின் பங்கில் உள்ள வீட்டை பில்டரின் வீடு போல விற்றுவிட்டு, பின்னால் கையெழுத்துக்கு அலைவது இந்த ஊரில் புதிதல்ல.

சின்ன கட்டடம், லோக்கல் புரோக்கர்

நிலம் 500 சதுர மீட்டருக்குள், அல்லது வீடுகள் 8-க்குள் என்றால் ரெரா பதிவு கட்டாயமில்லை. 500 சதுர மீட்டர் என்பது சுமார் 5,382 சதுர அடி, இரண்டே கால் கிரவுண்டு. மடிப்பாக்கத்திலும் நங்கநல்லூரிலும் பழைய வீட்டை இடித்து எழும்பும் கட்டடங்களில் பல இந்த அளவுக்குள் வந்துவிடும். அங்கே ப்ராஜெக்டுக்கும் எண் இருக்காது, புரோக்கருக்கும் இருக்க வேண்டிய அவசியமில்லை. அது மோசடியின் அறிகுறி அல்ல. ஆனால் மேலே சொன்ன பாதுகாப்புகளில் பலவற்றை நீங்களே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இங்கே கமிஷன் உங்களிடமும் கேட்பார்கள், 1 சதவீதம், சில இடத்தில் 2. நடுவில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். முதல் பேச்சிலேயே கேளுங்கள்: நீங்கள் ஒருவரா, எத்தனை பேர், மொத்தமாக என்னிடம் எவ்வளவு. சதவீதத்துக்குப் பதில் நிலையான தொகை பேசி, ஒப்பந்தத்தன்று மூன்றில் ஒரு பங்கு, பதிவன்று ஒரு பங்கு, சாவியும் மின் இணைப்பும் கைக்கு வந்த பிறகு ஒரு பங்கு என்று பிரியுங்கள். கடைசிப் பங்கு பாக்கி இருக்கும்வரை உங்கள் போனை எடுப்பார்.

இங்கே நடக்கும் இன்னொன்று, மேல் வைத்துச் சொல்வது. பில்டர் 70 லட்சம் கேட்டால் புரோக்கர் உங்களிடம் 73 என்று சொல்லி நடுவில் உள்ளதைத் தன் கணக்கில் வைப்பது. பில்டரை நேரில் பார்க்க விடாமல் "நான் பேசிக்கிறேன் சார், நீங்க வந்தா ரேட் ஏத்திடுவாரு" என்று தடுத்தால் அதுதான் நடக்கிறது. எதிரே உட்கார்ந்து பில்டர் வாயால் விலையைக் கேட்காமல் டோக்கன் கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தத்துக்குப் பிறகு

கமிஷன் கைக்கு வந்ததும் பெரும்பாலான புரோக்கர்கள் அடுத்த பார்ட்டியைப் பார்க்கப் போய்விடுவார்கள். எனவே ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளுக்குள் அவர் சொன்னவற்றை எழுத்தில் சேர்த்துவிடுங்கள். "கிழக்குப் பார்த்த வாசல், 24 மணி நேரத் தண்ணீர், மெட்ரோ வாட்டர் லைன் வரும், ஜிம் முதல் நாளே திறக்கும்" என்று சைட் விசிட்டில் வந்த வாக்குறுதிகளை அன்று மாலையே வாட்ஸ்அப்பில் பட்டியலிட்டு "இன்று நீங்கள் சொன்னவை இவை, சரிதானே?" என்று அனுப்புங்கள். அவர் உறுதி செய்தவற்றை பில்டரிடம் காட்டி ஒப்பந்த இணைப்பில் சேருங்கள். பில்டர் சேர்க்க மறுக்கும் வரி எதுவோ, அந்த வசதி வராது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சாவி வாங்கும் முன் ஆய்வுக்குப் புரோக்கர் வந்தாலும் வராவிட்டாலும் இன்ஜினியரோடு போங்கள், பகல் வெளிச்சத்தில். பாத்ரூமிலும் பால்கனியிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, வடிகாலை நோக்கி ஓடுகிறதா, மூலையில் தேங்குகிறதா என்று பாருங்கள். டைல்ஸ் மேல் நாணயத்தால் தட்டிக்கொண்டே நடங்கள். வெற்றுச் சத்தம் வரும் இடத்தில் கீழே கலவை நிரம்பவில்லை, சில மாதத்தில் விரியும். மெயின் போர்டில் கசிவு மின்சாரம் தடுக்கும் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் பூட்டித் திறந்து பாருங்கள். கார்பெட் பரப்பை டேப் வைத்து அளந்து ஒப்பந்தத்தோடு ஒப்பிடுங்கள். குறைகளை அறைவாரியாகப் படத்தோடு மின்னஞ்சலில் அனுப்பி, முடிக்கும் தேதியை எழுத்தில் வாங்கிய பிறகே கடைசித் தவணை. நிறைவுச் சான்றின் நகலையும் கேளுங்கள். சிறிய குடியிருப்புகளுக்கு அதில் விலக்கு உண்டு. மற்றவற்றில் அது இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு கிடைப்பதில் சிக்கல் வரும், தற்காலிக இணைப்பின் கூடுதல் கட்டணத்தை எல்லோரும் பங்கு போட்டுக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

குடிபோன பிறகும் 5 வருடத்துக்குக் கட்டமைப்புக் குறைகளையும் வேலைத்தரக் குறைகளையும் பில்டர் சரிசெய்ய வேண்டும். நீங்கள் தெரிவித்த 30 நாளுக்குள், செலவில்லாமல். இதற்குப் புரோக்கரைத் தொடர்புகொள்ளத் தேவையில்லை, பில்டரின் அலுவலக முகவரிக்கு எழுதுங்கள். சாவி தாமதமானால் வெளியேறிப் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். இருந்துகொண்டே தாமத மாதங்களுக்கு வட்டியும் கேட்கலாம். தமிழ்நாட்டு விதிப்படி வட்டி, ஸ்டேட் வங்கியின் உச்ச எம்சிஎல்ஆர் (கடனுக்கு வங்கி வைக்கும் அடிப்படை வட்டி) விகிதத்தோடு 2 சதவீதம். பணம் திரும்பவும் வட்டிக்கும் ரெரா ஆணையத்திடமும், மன உளைச்சல் போன்ற இழப்பீட்டுக்குத் தீர்ப்பு அலுவலரிடமும் தனித்தனியே மனு போட வேண்டும். ஏஜென்ட் பொய் சொல்லி விற்றிருந்தால் அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். அப்போது அவருடைய பதிவு எண்ணும், சைட் விசிட் அன்று மாலை அனுப்பிய அந்த வாட்ஸ்அப் பட்டியலும், அவர் போட்ட "ஓகே சார்"-உம் மனுவோடு இணைப்பாகப் போகும்.